ஒரு அவுன்ஸ் நாணயம் 33.9 கிராம் காட்டலாமா?

கேள்வி: அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு அவுன்ஸ் க்ரூகர்ராண்ட் தங்க நாணயம் வாங்கி வந்தார். கைபேசியில் பார்த்தால் ஒரு அவுன்ஸ் 28.35 கிராம் என்கிறது. தராசில் வைத்தால் 33.9 காட்டுகிறது. ஏமாந்துவிட்டாரா?

பதில்: தராசு சொல்வது சரிதான். கைபேசி காட்டியது மற்ற சாமான்களை நிறுக்கும் சாதாரண அவுன்ஸ். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் டிராய் அவுன்ஸ்தான் கணக்கு. அது 31.1035 கிராம். சரி, தராசு அதற்கும் மேலே போவானேன்? க்ரூகர்ராண்ட் 22 காரட். அதில் இருக்கும் சுத்தத் தங்கம் மட்டுமே ஒரு டிராய் அவுன்ஸ். கெட்டிக்காகக் கலந்த செம்பையும் சேர்த்தால் 33.93 கிராம் வரும். எடை பொருந்திவிட்டது என்பதற்காக அசல் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். குறுக்களவும் தடிமனும் பொருந்த வேண்டும்.

விற்கப் போகும் இடத்தில் யாராவது 28.35 என்று கணக்குப் போட்டால் விடாதீர்கள். அதிலேயே 2.75 கிராம் தங்கம் போய்விடும்.

இந்த இரட்டைக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரண பவுண்டுக்கு 16 அவுன்ஸ், டிராய் பவுண்டுக்கு 12 தான். அதனால் ஒரு அவுன்ஸ் தங்கம் ஒரு அவுன்ஸ் பஞ்சைவிடக் கனம். ஒரு பவுண்டு தங்கமோ ஒரு பவுண்டு பஞ்சைவிட லேசு!

கேள்வி: பாட்டியின் பழைய நோட்டில் ‘நகை 10 தோலா’ என்று இருக்கிறது. தோலா என்றால் 10 கிராம் என்கிறார் மாமா. பவுனில் எவ்வளவு?

பதில்: பழைய நோட்டு என்றால் மாமாவின் கணக்கு உதைக்கிறது. தோலா என்பது 180 கிரெயின், அதாவது 11.664 கிராம். 10 தோலா 116.64 கிராம், பவுனுக்கு 8 கிராம் வீதம் 14.58 பவுன். மாமா கணக்கில் 12.5 பவுன்தான் வரும். இரண்டு பவுனுக்கு மேல் துண்டு விழுகிறது. மாமாவையும் குறை சொல்வதற்கில்லை, இப்போது 10 கிராமையே தோலா என்று பேசுகிறவர்கள் நிறைய. பவுனும் அப்படி முழுசாக்கிய எண்தான்: பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம்.

அப்புறம், அந்த 10 தோலாவில் கல்லும் அரக்கும் சேர்ந்திருக்கலாம், நகையும் தேய்ந்திருக்கும். பங்கு பிரிப்பதாக இருந்தால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் கிராமில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வைரத்துக்குச் சொல்லும் காரட்டும் தங்கத்துக்குச் சொல்லும் காரட்டும் ஒன்றா?

பதில்: இல்லை. வைரத்தில் அது எடை, ஒரு காரட் 0.2 கிராம். தங்கத்தில் அது சுத்தம். 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்றால் 22 காரட். மோதிரம் வாங்கும்போது ரசீதில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.