அசைன்மென்ட்டில் 98, தேர்வில் 38

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

கணவர் கோயில் குருக்கள் என்றும், மகள் டர்பனிலேயே மெட்ரிக், அதாவது இங்கத்திய பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டு யுனிசாவில் (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில்) பி.எஸ்சி. கணிதம் சேரப் போவதாகச் சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். "வாத்தியார் முகத்தையே பார்க்காமல் கணக்குப் படிக்க முடியுமா, மார்க் எப்படிப் போடுவார்கள், அந்தப் பட்டத்தை யாராவது மதிப்பார்களா" என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: மதிப்பார்கள். ஊரில் பல்கலைக்கழகங்கள் ரெகுலர் வகுப்போடு சேர்த்து நடத்தும் அஞ்சல்வழிப் படிப்பை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். யுனிசா 1873-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். 1946 முதல் தொலைநிலையில் கற்பிக்கிறது. அதுதான் அதன் முழுநேர வேலை. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடியே அங்கே சட்டப் பட்டம் வாங்கினார் என்று எல்லோரும் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். 1943-இல் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அந்தப் படிப்பு 1989-இல்தான் முடிந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இனி படிப்புக்கு வருவோம். பி.எஸ்சி. என்பது 360 கிரெடிட். ஒரு மாட்யூல், அதாவது ஒரு தனிப் பாடம், பொதுவாக 12 கிரெடிட். ஆக 30 மாட்யூல். முதல் ஆண்டில் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம் போன்றவை வரும். மாட்யூலின் குறியீட்டு எண் 1-இல் தொடங்கினால் முதலாண்டுப் பாடம், 2 என்றால் இரண்டாம் ஆண்டு, 3 என்றால் மூன்றாம் ஆண்டு. மகளின் பதிவுத் தாளில் முதல் வருடமே 2-இல் தொடங்கும் எண் தெரிந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இந்த நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. அப்படியானால் ஒரு மாட்யூலுக்கு 120 மணி நேரம். செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் வாரத்துக்கு 8 மணி நேரம் வருகிறது. மூன்றே ஆண்டில் முடிக்க செமஸ்டருக்கு ஐந்து மாட்யூல் எடுக்க வேண்டும். வாரம் 40 மணி நேரம், அதாவது முழுநேர வேலை. "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று நினைக்கும்போது இந்த நாற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டருக்கு மூன்று மாட்யூல் போதும் என்பது என் கருத்து. நாலாண்டு ஆனாலும் பரவாயில்லை.

வாத்தியார் முகம் தெரியாதுதான். ஆனால் வாத்தியார் உண்டு. பதிவானதும் ஒவ்வொரு மாட்யூலுக்கும் 101 என்ற எண்ணிட்ட டியூட்டோரியல் லெட்டர் வரும். என்ன பாடம், எத்தனை அசைன்மென்ட், எந்தத் தேதிக்குள், எதற்கு எத்தனை சதவீதம் என்று எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள், இதைத் திறக்க மாட்டார்கள். அசைன்மென்ட் தேதிகளைக் கண்டெடுத்து வீட்டு நாட்காட்டியில், பிரதோஷமும் சஷ்டியும் குறித்திருக்கும் அதே நாட்காட்டியில், சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். மையுனிசா என்ற பல்கலைக்கழக இணையதளத்தில்தான் அசைன்மென்ட்டை ஏற்ற வேண்டும். அறிவிப்புகள் பல்கலைக்கழகம் கொடுக்கும் மைலைஃப் மின்னஞ்சலுக்குத்தான் வரும்; அவளுடைய சொந்த ஜிமெயிலுக்கு வராது.

மார்க் விஷயத்தில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். அசைன்மென்ட் மார்க்குகள் சேர்ந்து இயர் மார்க் ஆகும். கடைசியில் தேர்வு. இரண்டையும் ஒரு விகிதத்தில் கூட்டி இறுதி மார்க் போடுவார்கள். விகிதம் மாட்யூலுக்கு மாட்யூல் மாறும். உதாரணத்துக்கு இயர் மார்க்குக்கு 20, தேர்வுக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு 50 வேண்டும். இயர் மார்க் 70 என்றால் அதிலிருந்து 14 கிடைக்கும். மீதி 36-ஐத் தேர்விலிருந்து எடுக்க 45 வாங்கினால் போதும். இயர் மார்க் 30 தான் என்றால் கிடைப்பது 6. தேர்வில் 55 வாங்கியாக வேண்டும்.

இப்போது ஒரு பிள்ளை அசைன்மென்ட்டில் 98 வாங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தேர்வில் 38. கூட்டிப் பாருங்கள்: 98-இல் இருந்து 19.6, 38-இல் இருந்து 30.4, மொத்தம் சரியாக 50. பாஸ் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. தேர்வில் குறைந்தது 40 வாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது, சப்மினிமம் என்பார்கள். அதற்குக் கீழே போனால் இயர் மார்க்கைச் சேர்க்கவே மாட்டார்கள். முடிவுத் தாளில் 38 என்றுதான் நிற்கும். இறுதி மார்க் 40-இலிருந்து 49-க்குள் இருந்திருந்தாலாவது சப்ளிமென்டரி தேர்வு எழுதலாம். 38-க்கு அதுவும் கிடையாது. மறுபடி பணம் கட்டி, மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

98-க்கும் 38-க்கும் நடுவே என்ன நடக்கிறது? சில அசைன்மென்ட்டுகள் கணினி திருத்தும் கொள்குறி வினாக்கள். விடையைக் காசுக்கு விற்கும் வாட்ஸாப் குழுக்கள் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலி உண்டு. இதெல்லாம் இல்லாமல் நேர்மையாகச் செய்யும் பிள்ளைகூட, புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் எடுத்துச் செய்கிறது. தேர்வில் மூன்று நாள் கிடையாது. எழுதிக் காட்டும் பழக்கம் கையில் இருந்தால்தான் உண்டு.

எழுதிக் காட்டுவது என்றால் என்ன? நுண்கணிதத்தில் ஒரு பின்னத்தின் எல்லை மதிப்பைக் கேட்கிறார்கள், ஆறு மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவி மேலும் கீழும் வகைக்கெழு எடுத்து, லோபிதால் விதிப்படி 3 என்று விடை போட்டுவிடுகிறாள். விடை சரி. ஆனால் ஆறு கிடைக்காது. அந்த விதியைப் பயன்படுத்துவதற்கு முன், மேலேயும் கீழேயும் பூஜ்யத்துக்குப் போகிறது என்று ஒரு வரி எழுதிக் காட்டியிருக்க வேண்டும். அந்த வரிக்கு மார்க் உண்டு, வகைக்கெழு எடுத்த படிக்கு மார்க் உண்டு, கடைசி விடைக்கும் கொஞ்சம் உண்டு. கடைசியில் கூட்டலில் பிசகி 3-க்குப் பதில் 5 போட்டாலும், படிகள் ஒழுங்காக இருந்தால் பெரும்பகுதி மார்க் கைக்கு வந்துவிடும். இரண்டாம் ஆண்டுக்கு மேல் "நிறுவுக" என்ற கேள்விகள்தான் அதிகம். அங்கே விடை கேள்வியிலேயே இருக்கிறது, மார்க் முழுக்க வழிக்குத்தான்.

உங்களுக்கு நுண்கணிதம் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். தெரிய வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் மகள் கையால் எழுதிய ஒரு பக்கத்தை வாங்கிப் பாருங்கள். எண்களுக்கு நடுவே சொற்கள் இருக்கின்றனவா? ஏனெனில், ஆகவே, என்று கொள்வோம் என்பதற்கான ஆங்கிலச் சொற்கள் அங்கங்கே தெரிகின்றனவா? பக்கம் முழுக்க வெறும் எண்ணும் சமக்குறியும் என்றால் அவள் விடையைத்தான் தேடுகிறாள். திரையில் தெரியும் 98-ஐவிட இந்தப் பக்கம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

தேர்வு நாள் பற்றி. 2020-இல் கொரோனா வந்தபின் தேர்வுகள் ஆன்லைனுக்கு மாறின. கணிதத்தில் தாளில் எழுதி, ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி, நேரத்துக்குள் ஏற்ற வேண்டியிருக்கும். மின்னஞ்சலில் அனுப்பினால் திருத்த மாட்டார்கள். நன்றாக எழுதிவிட்டு, மங்கலான படத்தாலும் தலைகீழாகப் போன பக்கத்தாலும் மார்க்கை விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடிகாரம் வைத்து, பழைய வினாத்தாளை எழுதி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கும் வரை வீட்டில் ஒத்திகை பார்க்கட்டும். கண்காணிப்புக்கு இன்விஜிலேட்டர் என்ற செயலி இருக்கும். அது அவ்வப்போது முகத்தைப் படமெடுக்கச் சொல்லும், சுற்றியிருக்கும் சத்தத்தையும் பதிவு செய்யும். அந்த நேரத்தில் லோட்டஸ் எஃப்.எம். ஓடக் கூடாது, யாரும் அறைக்குள் வந்து "சாப்பிட வாடி" என்று கூப்பிடக் கூடாது. மின்வெட்டு எப்போது திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஃபோனில் முழு சார்ஜும் தனியாக டேட்டாவும் இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் வீட்டு விஷயம். இரண்டாம் செமஸ்டர் தேர்வு அக்டோபர், நவம்பரில். புரட்டாசி முழுக்க டர்பன் தமிழர்கள் இறைச்சியை விட்டுவிட்டுக் கோயிலே கதியென்று இருப்பார்கள். அது முடிந்த கையோடு தீபாவளி, கந்த சஷ்டி. குருக்கள் வீட்டில் அப்போது அடுப்பு அணையாது என்று எனக்குத் தெரியும். பிரசாதம், மாலை, வருகிறவர்களுக்குக் காபி எல்லாம் வீட்டிலிருக்கும் பெண் தலையில்தான் விழும். மகன் என்றால் "படிக்கிறான், தொந்தரவு பண்ணாதே" என்போம். ஸ்டால்வார்ட் சிமெலேன் தெருவில் யுனிசாவின் டர்பன் மையம் இருக்கிறது. அந்த இரண்டு மாதம் காலையில் அங்கே போய் உட்கார்ந்து படிக்கட்டும். கோயில் வேலைக்கு வேறு ஆள் பாருங்கள். ஐயாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வேலை பற்றிச் சுருக்கமாக. பட்டத்துக்கு மேல் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பை முடித்து, எஸ்.ஏ.சி.இ. என்ற ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்தால் பள்ளியில் கணித ஆசிரியர் ஆகலாம். வங்கி, காப்பீடு, தரவுப் பகுப்பாய்வு என்றால் கணிதத்தோடு புள்ளியியலையோ கணினி அறிவியலையோ இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுப்பது நல்லது. வெறும் கணிதம் மட்டும் எடுத்துவிட்டு வேலை தேடி அலைவதை நான் பரிந்துரைப்பதில்லை. பணத்துக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி இருக்கிறதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 3,50,000 ராண்ட் என்பது சரி, ஆனால் அது இந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். ஐயா பணி விசாவில் இருக்கிறார் என்றால் அதை நம்பி வரவுசெலவு போடாதீர்கள். யுனிசாவுக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டே போட வேண்டும். தைப்பூசக் காவடி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஒரு வருடம் போய்விடும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. மகள் மெட்ரிக்கில் எடுத்தது மேத்தமேடிக்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டா (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி)? மேத்தமேடிக்ஸ் என்றால் சான்றிதழில் என்ன நிலை? நிலை 4 என்பது 50-லிருந்து 59 சதவீதம் வரை. 4 இருந்தாலே நுண்கணிதத்தில் முதல் ஆண்டு மூச்சு வாங்கும். மேத்ஸ் லிட் என்றால் கணிதப் பட்டத்துக்கு இடமே கிடைக்காது. அடிப்படைக் கல்வித் துறையின் செகண்ட் சான்ஸ் திட்டத்தில் மேத்தமேடிக்ஸ் எழுதித் தேறிவிட்டு வர வேண்டும். சான்றிதழைப் படமெடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, எந்த மூன்று மாட்யூல் எடுக்கலாம் என்று அவளிடமே பேசுகிறேன்.