மகள் தூங்கிய பிறகு வீட்டுக்கு வருகிறேன்

கேள்வி: எனக்கு 29 வயது. வீடு காட்பாடியில், வேலை ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். காலை 7 மணிக்கு பைக்கை எடுத்தால் திரும்ப இரவு எட்டரை ஆகிறது. மகளுக்கு 3 வயது, மகன் பிறந்து எட்டு வாரம். நான் வரும்போது மகள் தூங்கியிருப்பாள். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி, "நீங்க இந்த வீட்டுக்கு கெஸ்ட்" என்கிறாள். அம்மா அடுத்த தெருவில் இருக்கிறார். பாதி தூரமாவது குறையட்டும் என்று குடியாத்தத்துக்கு வீடு மாற்றிவிடலாமா?
- பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்: குடியாத்தம் இப்போது வேண்டாம், தம்பி. உங்களுக்குப் பாதி தூரம் குறையும், சரி. உங்கள் மனைவிக்கு? கைக்குழந்தையோடு பழக்கமில்லாத ஊரில், கூப்பிட்ட குரலுக்கு மாமியார் இல்லாமல். அப்புறம் அவர் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அந்தப் பாதி தூரம் அவர் தலையில் விழும். அட்வான்ஸ் பணத்தைக் கொடுத்து அந்தச் சண்டையை வாங்க வேண்டாம்.

எனக்கு உறுத்துவது அந்த பைக்தான். பாலாற்றுப் பாலம் தாண்டி, பள்ளிகொண்டா, மாதனூர் என்று லாரிகளுக்கு நடுவில் தினம் நூறு கிலோமீட்டர், அதுவும் குழந்தை விடிய விடிய அழுத மறுநாள் காலையில். ஹெல்மெட்டுக்குள் கண் சொக்கியதே இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி என்றாலும் மாதம் 26 நாளைக்கு 52 லிட்டர் பெட்ரோல். ரயில் சீசன் டிக்கெட்டுக்கு இதில் சின்னப் பங்குதான் ஆகும். லத்தேரி தாண்டும்போது கண்ணை மூடினால் மேல்பட்டி வரை தூங்கலாம். உங்கள் ஷிப்டுக்கு எந்த வண்டி ஒத்துவருகிறது என்று ஒரு வாரம் போய்ப் பாருங்கள். சீசனில் முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது, சூப்பர்பாஸ்ட் வண்டிக்குத் தனியாகக் கட்டணம் உண்டு.

இரவு எட்டரைக்கு மகளை எழுப்பிக் கொஞ்சுவதை விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்ட பிள்ளையைத் திரும்பத் தூங்க வைப்பது யார் என்று யோசித்தீர்களா? உங்களுக்கு விடியற்காலைதான் வாய்ப்பு. ஐந்து மணிப் பால் குடித்ததும் மகனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தோளில் சாய்த்து, முதுகைத் தடவி, ஏப்பம் வரும் வரை முற்றத்தில் நடங்கள். தோளில் ஒரு துண்டு கிடக்கட்டும், கக்குவான். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். மகள் எழுந்ததும் பல் தேய்த்துவிடுவது உங்கள் வேலை, பாட்டியிடம் தள்ளிவிடாதீர்கள். தம்பி வந்த பிறகு தனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

என் அப்பா வாலாஜா ரோட்டிலிருந்து ரயிலேறி சென்னைக்கு வேலைக்குப் போனவர். வாரநாளில் அவர் முகத்தைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் நானும் அண்ணனும் அவருடைய முந்தின நாள் டிபன் டப்பாவைத்தான் தேடி ஓடுவோம். அடியில் ஒரு வாய் புளிச்சோறு இருக்கும். மறந்து வைத்த மிச்சம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். (அம்மாவுக்கு அதில் கோபம்தான், டப்பா நாறும் என்று.)

லீவு விஷயம். தனியார் வேலையில் அப்பாக்களுக்கு மகப்பேறு விடுப்பு தரவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. அதனால் இருக்கிற நாலு நாளைக் கல்யாணம், காதுகுத்து என்று கரைக்காமல், 10-வது வாரத் தடுப்பூசிக்கும் 14-வது வாரத் தடுப்பூசிக்கும் எடுங்கள். ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்கு உடம்பு சுடும், அழும். அன்றைக்கு வீட்டில் இன்னொரு கை வேண்டும். உங்கள் மனைவிக்கோ சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மூன்று மாதத்தில் வரச் சொல்லி பள்ளியில் கேட்டால், தலையாட்டிவிட்டு வராமல், எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீடு மாற்றும் பேச்சை மகனுக்கு ஒரு வயது ஆனபிறகு எடுக்கலாம். அப்போது எந்த ஊர் என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.