டார்க்ரூம் தாத்தா பதில்கள்: பழுப்பு அடித்தால் பழசாகிவிடுமா?

என் பெற்றோரின் கல்யாண போட்டோ 1974-ல் ஸ்டுடியோவில் எடுத்தது. அதே மாதிரி மகளையும் மருமகனையும் நிற்கவைத்து போனில் எடுத்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட ஆசை. ஆப்பில் ‘விண்டேஜ்’ போட்டால், டீ கொட்டின மாதிரி இருக்கிறது என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

தம்பிக்குக் கண் நன்றாக இருக்கிறது. பழசு என்றால் பழுப்பு என்று ஆப் செய்கிறவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். செபியா என்கிற அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை அம்மா, தனியாகக் காசு வாங்கிச் செய்த வேலை. பிரிண்டைப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடில் வெளுக்கவிட்டு, பிறகு சோடியம் சல்ஃபைடில் போடுவோம். படத்திலுள்ள வெள்ளி, சில்வர் சல்ஃபைடாகிப் பழுப்பேறும். அழுகின முட்டை நாற்றம் தெருமுனை வரை போகும். ஆனால் சாதா பிளாக் அண்ட் ஒயிட்டைவிட அந்தப் படம்தான் அதிக காலம் தாங்கும்.

உங்கள் வீட்டுப் படம் சாதா பிளாக் அண்ட் ஒயிட்டாகத்தான் இருக்கும். அது மஞ்சளித்திருந்தால் ஹைப்போவை, அதாவது பிரிண்டில் படத்தை நிலைக்கவைக்கும் ரசாயனத்தை, சந்தேகப்படுங்கள். ஹைப்போவில் போட்டெடுத்த பிரிண்டை ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். முகூர்த்த மாதத்தில் அதற்கு யாருக்குப் பொறுமை? காகிதத்தில் தங்கிவிட்ட ஹைப்போ, வருஷக்கணக்கில் வெள்ளியைத் தின்னும். மெல்லிய சாம்பல் இருக்கும் இடங்கள்தான் முதலில் மஞ்சளாகி மங்கும்: வேட்டி மடிப்பு, நெற்றி, மாலையில் உள்ள வெள்ளைப் பூ. தலைமுடியின் கறுப்பு அவ்வளவாக மாறாது. ஆப் மொத்தப் படத்தையும் ஒரே பழுப்பில் முக்கியெடுக்கிறது. குட்டு அங்கேதான் உடைகிறது.

உங்களுக்கு ஒரு வசதி, அசல் கையில் இருக்கிறது. அதை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஜிம்ப் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஸ்கேனைத் திறந்து, கலர் பிக்கரை அப்பாவின் தலைமுடி மேல் வையுங்கள். சிவப்பு 48, பச்சை 43, நீலம் 38 என்பதுபோல மூன்று எண் வரும். வேட்டியிலும் அப்படியே பாருங்கள். எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தக் கறுப்பான 0, சுத்த வெள்ளையான 255 இரண்டுமே அந்தப் படத்தில் இருக்காது.

இப்போது மகள் படத்தை எடுத்து நிறத்தை நீக்குங்கள். வெளிச்சத்தையும் நிறத்தையும் கோட்டை வளைத்து மாற்றும் கர்வ்ஸ் என்ற கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் கீழ் முனையைக் கறுப்புக்குக் குறித்த எண் வரை ஏற்றுங்கள். மேல் முனையை வெள்ளைக்குக் குறித்த எண் வரை இறக்குங்கள். முக்கால்வாசி வேலை இவ்வளவுதான். போன் கேமரா ஒவ்வொரு புருவ முடியையும் செதுக்கித் தள்ளியிருக்கும், அதனால் படத்தை மங்கவைக்கும் காஸியன் பிளரை ஒரு பிக்சல் அளவுக்குக் கொடுங்கள். முகத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை. அந்தக் காலத்தில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பையே மறைத்திருக்கிறோம்!

தூசிப் புள்ளி, கீறல் எல்லாம் வேண்டவே வேண்டாம். நெகட்டிவில் தூசி உட்கார்ந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதை மெல்லிய பிரஷ்ஷால் அடைத்துவிட்டுத்தான் கவரில் போடுவோம். புள்ளியோடு கொடுத்தால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா?

இன்னொன்று. போனைக் கிட்டத்தில் பிடித்து எடுத்திருந்தால் மூக்குதான் முன்னால் நிற்கும். ஸ்டுடியோவில் கேமரா பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருக்கும். எந்த மென்பொருளும் இதை ஒழுங்காகச் சரிசெய்யாது. பேசாமல் இன்னொரு தடவை, தள்ளி நின்று, 2எக்ஸ் வைத்து எடுத்துவிடுங்கள்.

எங்கள் நாடகக் குழுவுக்கு 1930-களில் எடுத்ததுபோல ஒரு குடும்பப் படம் வேண்டும். வெறும் பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கினால் போதுமா?
– வாசகர், மதுரை

போதாது. எல்லாச் சாம்பலும் ஒரே சாம்பல் இல்லை. அப்போது ஆர்த்தோகுரோமேடிக் பிளேட்டும் ஃபிலிமும் ரொம்பப் புழக்கம். அதற்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே டெவலப் செய்யலாம் என்பதால் ஸ்டுடியோக்காரர்களுக்குச் சௌகரியம். விளைவு, குங்குமமும் அரக்குப் புடவையும் கரியாகத் தெரியும், நீல வானம் வெள்ளையாகப் போய்விடும், நம் தோல் ஒரு பங்கு கூடுதலாகக் கறுக்கும்.

இதைச் செய்வது சுலபம். ஜிம்ப்பில் மோனோ மிக்ஸரைத் திறந்து சிவப்பைப் பூஜ்யமாக்குங்கள். பச்சை 40, நீலம் 60 சதவீதம் என்று ஆரம்பித்துக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பிறகு விளிம்பில் வெள்ளை பார்டர். நடிகர் கையில் வாட்ச் இருந்தால், அதை எந்த ஃபில்டரும் மறைக்காது. படம் எடுக்கும்போதே கழற்றச் சொல்லுங்கள்.

பள்ளித் தோழிகள் சந்திப்புக்கு, 1980 வாக்கில் ஆல்பத்தில் இருந்த கலர் போட்டோ மாதிரி செய்ய வேண்டும். மஞ்சள் நிறத்தைக் கூட்டினால் சரியா?
– வாசகி, ஈரோடு

மஞ்சளை விடுங்கள், சிவப்பைப் பிடியுங்கள். கலர் பிரிண்டில் சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று சாயம். அந்தக் காலத்துக் காகிதங்கள் பலவற்றில், ஆல்பத்து இருட்டில் இருந்தபடியே முதலில் மங்கினது சயான். சிவப்பு வெளிச்சத்தைத் தடுக்கிற சாயம் அதுதான். அது போனதும் கறுப்பு எல்லாம் செம்பழுப்பாகிவிடுகிறது. (வெயிலில் தொங்கும் சலூன் காலண்டர் நீலமாகிறதே, அது நேர் எதிர்க் கதை. அங்கே மஞ்சள் மையும் மெஜந்தா மையும் வெளிச்சம் பட்டு வெளுக்கின்றன, சயான் தங்கிவிடுகிறது.)

ஆகவே கர்வ்ஸில் சிவப்புச் சேனலின் கீழ் முனையை 60 வரை ஏற்றுங்கள், பச்சையை 20 வரை. நீலத்தின் மேல் முனையை 225-க்கு இறக்கினால் வெள்ளைக் காகிதம் லேசாக மஞ்சளிக்கும். நீங்கள் தேடிய மஞ்சள் அவ்வளவுதான். மூலைகளை வட்டமாக வெட்டிவிட்டால் தோழிகள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பழைய ஃபிலிமில் தெரியும் பொடிப்பொடியான கிரெயின் போடாமல் மனசு கேட்காது என்றால், தனி லேயரில் நடுத்தரச் சாம்பலை நிரப்பி, அதன் மேல் நாய்ஸ் என்கிற சிதறல் புள்ளிகளைப் போட்டு, அரை பிக்சல் மங்கவைத்து, அடியிலுள்ள படத்தோடு கலக்கும்படி லேயரை ஓவர்லே ஆக்குங்கள். நாய்ஸை அப்படியே விட்டால் மணல் தெளித்தது போலக் கூர்மையாக நிற்கும்.

எங்கள் கடை 1952-ல் தாத்தா ஆரம்பித்தது. அப்போதைய படம் ஒன்றும் இல்லை. கடையை இப்போது எடுத்து, பழசாக்கி, ‘1952’ என்று எழுதி மாட்டலாமா?
– வாசகர், விருதுநகர்

மாட்டுங்கள், ஆனால் ‘1952’ என்று எழுதாதீர்கள். ‘அன்றைய கடை, கற்பனையில்’ என்று போட்டால் யாருக்கும் உறுத்தாது. ஐம்பது வருஷம் கழித்து உங்கள் பேரன் அதை நிஜம் என்று நம்பி, பத்திரிகைக்கே அனுப்பிவைப்பான். அதைவிட, தாத்தா கையெழுத்தில் ஒரு பேரேட்டுப் பக்கம் கிடைத்தால் ஸ்கேன் செய்து பெரிதாக்கி மாட்டலாமே. பரணில் தேடிப் பாருங்கள்.

கஷ்டப்பட்டுக் கிரெயின் போட்ட படம், வாட்ஸ்அப்பில் அனுப்பினதும் கட்டம் கட்டமாகிறதே?
– வாசகர், சேலம்

வாட்ஸ்அப் படத்தை நசுக்கித்தான் அனுப்பும், அதில் முதல் பலி கிரெயின். போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிரிண்ட் போடுகிறவரிடம் பென்டிரைவிலேயே கொடுத்துவிடுங்கள்.