நகர் சங்கத்துப் பொறுப்பை எடுத்துக்க ஏழு பேர் ரெடி, சட்டப்படி எடுத்துக்கலாமா?

கேள்வி: வக்கீல் சார் வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு லேஅவுட்ல இருக்கோம், 62 வீடு. எங்க நகர் நலச்சங்கம் 2009ல ரிஜிஸ்டர் பண்ணது, கடைசியா தேர்தல் நடந்தது 2017. தலைவர் வீட்டை வித்துட்டு பெங்களூர் போயிட்டார், செயலாளர் கொரோனால தவறிட்டார். பொருளாளர் இங்கயேதான் இருக்கார், ஆனா கணக்கு நோட்டும் செக் புக்கும் கேட்டா தர மாட்டேங்கிறார். போன மழைல தெருவுல முழங்கால் தண்ணி நின்னப்போ மோட்டார் வாடகைக்கு எடுக்கக்கூட சங்கத்து பணத்தை தொட முடியல. நானும் இன்னும் ஆறு பேரும் பொறுப்பு எடுத்துக்கிறோம்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டோம், எல்லாரும் கட்டை விரல் காட்டினாங்க. அப்படியே ஆரம்பிச்சிடலாமா? கேஸ்னு வந்தா நம்ம வீட்டு மேலதான் வரும்னு வீட்டுக்காரர் பயப்படுறார். எங்க ஏழு பேர்ல ஒருத்தர் வாடகைக்கு இருக்கார், ஒருத்தர் கவர்மென்ட் ஸ்டாஃப்.

பதில்: வணக்கம்மா. முதல்ல உங்க ஏழு பேருக்கும் நன்றி சொல்லிக்கிறேன், ஏன்னா என்கிட்ட வர்ற சங்கத்து கேஸ்ல முக்கால்வாசி பதவிக்கு சண்டை போடுறவங்க கேஸ்தான், யாருமே வரலைன்னு தெரிஞ்சு நாங்க வர்றோம்னு சொல்றவங்க கம்மி. அதனாலதான் உங்களுக்கு கொஞ்சம் விவரமாவே எழுதுறேன், நல்ல மனசோட இறங்கினவங்க பேப்பர் சரியில்லாம மாட்டிக்கிறதை பார்த்து பார்த்து எனக்கு மனசு ரொம்ப கஷ்டப்பட்டிருக்கு.

நேரா சொல்றேன், வாட்ஸ்அப் கட்டை விரலை வச்சு எதையும் ஆரம்பிக்காதீங்க. உங்க சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ வருது. அதுல பிரிவு 15 என்ன சொல்லுதுன்னா கமிட்டில குறைஞ்சது மூணு பேர் இருக்கணும், ஒரு கமிட்டியோட பதவிக்காலம் மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது, அதே ஆளுங்க திரும்ப வரலாம் ஆனா திரும்ப தேர்ந்தெடுத்திருக்கணும். 2017ல வந்த கமிட்டிக்கு 2020லயே காலம் முடிஞ்சு போச்சு. அப்போ பொருளாளர் இன்னிக்கு பதவில இல்ல, அது அவருக்கே தெரியாம இருக்கலாம். அதுக்காக நீங்க பதவில இருக்கீங்கன்னும் ஆயிடாது, இப்போதைக்கு அந்த நாற்காலி காலியா இருக்கு, அவ்வளவுதான்.

நாளைக்கே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல சங்கத்தோட பதிவு எண்ணை கொடுத்து பைலா (சங்கத்தோட விதிமுறை), கடைசியா தாக்கல் பண்ண படிவம் 7, உறுப்பினர் பட்டியல் மூணுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனு போடுங்க. கமிட்டி மாறினதை தெரிவிக்கிறதுதான் படிவம் 7, பேங்க்காரன் கேக்கப்போறது இதைத்தான். கூடவே சங்கம் இன்னும் உயிரோட இருக்கான்னு பாருங்க, வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணாத சங்கத்தை செயல்படாத சங்கம்னு பதிவேட்டுல இருந்து எடுத்திருக்க வாய்ப்பு இருக்கு. அப்படி எடுத்திருந்தா வேற வழி பார்க்கணும், புது சங்கம் ஆரம்பிக்க ஏழு பேர் போதும், நீங்க சரியா ஏழு பேர் இருக்கீங்க. ஆனா பழைய சங்கத்து பேங்க் பணம் தானா புதுசுக்கு வந்துடாது, அதை மனசுல வச்சுக்கிட்டு பழசை காப்பாத்த முடியுமான்னுதான் முதல்ல பாருங்க. பாக்கி இருக்கிற வருஷத்துக்கெல்லாம் தாமதக் கட்டணம் கட்டி கணக்கு போட வேண்டியிருக்கும், கொஞ்சம் செலவு ஆகும், பரவால்ல.

சங்கம் உயிரோட இருந்தா பொதுக்குழு கூட்டணும். பைலால எத்தனை நாள் நோட்டீஸ்னு இருக்கோ அது கட்டாயம், பைலா கம்மியா சொன்னாலும் 21 நாள் கொடுத்துடுங்க, பின்னால யாரும் வாய் திறக்க முடியாது. நோட்டீஸ்ல யார் கையெழுத்து போடுறதுன்றதுதான் உங்க கேஸ்ல சிக்கல். பழைய கமிட்டில மிச்சம் இருக்கிறவர் பொருளாளர், அவரையே தேர்தலுக்கு மட்டும் கூட்டம் போடச் சொல்லி கேளுங்க, நான் சொல்றேன்னு நினைக்காதீங்க, மனுஷன் பெரும்பாலும் பயந்துபோய்தான் நோட்டை தராம இருப்பார், கணக்குல நாலு பில்லு காணாம போயிருக்கும் அதுக்கே திருடன்னு சொல்லிடுவாங்களோன்னு. நேர்ல ரெண்டு பேர் போய் உக்காந்து பேசுங்க, எடுத்தவுடனே போலீஸ் வேண்டாம். ஒத்துக்கலைன்னா ஸ்பீடு போஸ்ட்ல எழுதிக் கேளுங்க, அதுக்கும் மசியலைன்னா உறுப்பினர்கள்ல மூணுல ஒரு பங்கு பேர் கையெழுத்து போட்டு பிரிவு 36ல மாவட்டப் பதிவாளர்கிட்ட விசாரணை கேக்கலாம், 62 பேரும் உறுப்பினரா இருந்தா 21 கையெழுத்து. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பதிவாளர் சங்கம் எப்படி நடக்குது, கணக்கு எப்படி இருக்குன்னு விசாரிப்பார், எந்த தேர்தல் செல்லும்ன்ற தகராறு முத்தினா அது சிவில் கோர்ட்டுக்குத்தான் போகும். பணத்தை உண்மையிலேயே எடுத்திருக்கார்னு ஆதாரம் கிடைச்சா மட்டும் நம்பிக்கை மோசடி புகார், பழைய ஐபிசி 406, 2024 ஜூலைல இருந்து புது சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால பிரிவு 316.

கூட்டம் நடக்கிற அன்னிக்கு மினிட்ஸ் நோட்டை விட முக்கியமானது எதுவும் இல்ல. எதிர்த்து யாரும் நிக்கலைன்னாலும் அது தேர்தல்தான், யார் முன்மொழிஞ்சாங்க யார் வழிமொழிஞ்சாங்க வேற யாராவது நிக்கிறீங்களான்னு கேட்டீங்களா எல்லாம் எழுதணும். ஒரு கேஸ்ல நான் அந்த நோட்டை கைல வாங்கிப் பார்த்தேன், ப்ரவுன் அட்டை போட்ட நீள நோட்டு, "ஏகமனதாக தேர்ந்தெடுக்கப்பட்டனர்"னு அழகான கையெழுத்துல ஒரே ஒரு வரி, கீழ வந்தவங்க கையெழுத்து ஒண்ணுகூட இல்ல, அடுத்த பக்கம் பொங்கல் கோலப்போட்டி செலவு. அந்த ஒரு பக்கத்தால மூணு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க, அத்தனை பேரும் கைக்காசு போட்டு தெருவுக்கு உழைச்சவங்க. அதனால வந்தவங்க பேரு, வீட்டு நம்பர், கையெழுத்து எல்லாம் அன்னிக்கே வாங்கிடுங்க, மறுநாள் வீடு வீடா போய் வாங்காதீங்க. அப்புறம் படிவம் 7 தாக்கல், அதோட நகல், தீர்மான நகல், சங்கத்து பான் கார்டு, உங்க கேஒய்சி எடுத்துக்கிட்டு பேங்க் போனா கையெழுத்து மாத்திக் கொடுப்பாங்க, பழைய செக் புக் அவர்கிட்டயே இருந்தாலும் அதுக்கப்புறம் அது வெறும் பேப்பர்.

வாடகைக்கு இருக்கிறவர் வரலாமான்றதை பைலாதான் முடிவு பண்ணும், "வீட்டு உரிமையாளர்"னு போட்டிருந்தா இப்போ முடியாது, "குடியிருப்பவர்"னு இருந்தா தாராளமா வரலாம். கவர்மென்ட் ஸ்டாஃப் சம்பளம் இல்லாத சேவைதான்னு ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துட்டு அவங்க பதிலை வாங்கிட்டு வரட்டும்.

உங்க வீட்டுக்காரர் பயத்துக்கு வர்றேன். கேஸ் வந்தா சங்கத்துக்காகத்தான் நீங்க கோர்ட்ல நிப்பீங்க. சங்கத்து தீர்மானத்துபடி, சங்கத்து கணக்கு வழியா பண்ண செலவுக்கு உங்க சொந்த வீட்டை யாரும் தொட முடியாது. உங்க சொந்த ஜிபேல வசூல் பண்றது, தீர்மானம் இல்லாம கான்ட்ராக்ட் கையெழுத்து போடுறது, இந்த ரெண்டும்தான் ஆபத்து. பேங்க்ல கையெழுத்து மாத்திக் கொடுக்கிற வரைக்கும் ஒத்த ரூபா வசூல் பண்ணாதீங்க, மழைக்கு மோட்டார் வேணும்னா அவங்கவங்க கடைக்காரருக்கே நேரா கொடுக்கட்டும். அப்புறம் ஆர்வத்துல தெரு முனைல கேட் போட்டுடாதீங்க, தெரு மாநகராட்சிக்கு சொந்தம். லேஅவுட் பார்க்கும் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தா அவங்களோடதுதான், பராமரிக்க அனுமதி கேட்டு கடிதம் கொடுங்க, பூட்டு போட உங்களுக்கு உரிமை இல்ல.

பைலா நகல் கைக்கு வந்ததும் உறுப்பினர் தகுதி, நோட்டீஸ், கோரம் (கூட்டம் செல்ல குறைஞ்சது எத்தனை பேர் வரணும்ன்றது) வர்ற பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்புங்க, நோட்டீஸ் வாசகத்தை நானே எழுதித் தர்றேன்.