மூணு தடவை சொட்டு மருந்து போட்டும் ரோட்டா வந்துடுச்சே டாக்டர், அது வேலையே செய்யலையா?

கேள்வி: என் பொண்ணுக்கு 11 மாசம். போன வாரம் திடீர்னு வாந்தி, காய்ச்சல், மறுநாள்ல இருந்து தண்ணி தண்ணியா பேதி, ஒரு நாளைக்கு பத்து பன்னெண்டு தடவை. ஆஸ்பத்திரில சேர்த்து ஒரு நாள் ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, மலம் டெஸ்ட்ல ரோட்டா பாசிட்டிவ், குழந்தைங்களுக்கு பேதி வர வைக்கற வைரஸாம். ஆனா பி.எச்.சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) மூணு டோஸ் ரோட்டா சொட்டு மருந்தும் கரெக்டா போட்டிருக்கோம். அரசாங்க மருந்துனாலதான் இப்படி ஆச்சுன்னு வீட்டுக்காரர் சொல்றார், மாமியார் பல் முளைக்குது அதான்னு சொல்லி பாலை நிறுத்த சொன்னாங்க. இப்ப நான் ரெண்டாவது குழந்தை உண்டாகியிருக்கேன், அதுக்காவது பிரைவேட்ல போடலாமா? பேதி நின்னதும் ஜிங்க் சிரப்பை நிறுத்திட்டேன், சரிதானே? நான்தான் வீட்டை சுத்தமா வச்சுக்கலையோன்னும் தோணுது. குழந்தை இப்ப நல்லா விளையாடுது.

பதில்: குழந்தை இப்ப நல்லா விளையாடுதுன்னு கடைசில எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சதும்தான் எனக்கு நிம்மதி, மத்ததை நிதானமா பேசலாம்மா.

மருந்து வேலை செஞ்சிருக்கு, பாதி. மழுப்பறேன்னு நினைக்காதீங்க, உண்மையிலயே கணக்கு அப்படித்தான். நம்ம ஊர்ல போடற ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, வேலூர்னு மூணு இடத்துல 6,799 குழந்தைங்களுக்கு குடுத்தும் குடுக்காமலும் பாத்தாங்க, 2014ல ரிசல்ட் வந்துச்சு. முதல் வருஷத்துல ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடற மாதிரி கடுமையான ரோட்டா பேதியை அது சுமார் 56 சதவீதம் குறைச்சது. அதாவது நூறு குழந்தைக்கு அப்படி வர வேண்டிய இடத்துல நாப்பத்தி சொச்சம் பேருக்கு வரும், அந்த நாப்பத்தி சொச்சத்துல உங்க பொண்ணு ஒண்ணு. போட்டுக்கிட்டதால இது வரவே வராதுன்னு உங்ககிட்ட யாராவது சொல்லியிருந்தா அவங்க சொன்னதுதான் தப்பு.

இதை நல்லா புரிஞ்சுக்கணும்னா வேலூர் கதைதான் சரியா இருக்கும். அங்க சி.எம்.சி மருத்துவக் கல்லூரி ஆளுங்க டாக்டர் ககன்தீப் காங் தலைமைல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, குடிசைப் பகுதில பிறந்த குழந்தைங்களை மூணு வயசு வரைக்கும் விடாம பின்தொடர்ந்து, வீட்டுக்கே போயி, பேதி இருந்தாலும் இல்லாட்டியும் மலம் சாம்பிள் வாங்கி டெஸ்ட் பண்ணாங்க, நினைச்சுப் பாருங்க எவ்ளோ பொறுமை வேணும், எந்த அம்மாவும் ரெண்டு மாசத்துல போதும்பா சாமின்னு சொல்லியிருப்பாங்க. 373 குழந்தை கடைசி வரைக்கும் இருந்துச்சு. 2011ல வெளியான ரிசல்ட்ல ரெண்டு விஷயம் எல்லாரையும் அசத்துச்சு. ஆறு மாசம் முடியறதுக்குள்ளயே 56 சதவீத குழந்தைங்க உடம்புல ரோட்டா ஒரு தடவை வந்து போயிருந்துச்சு, நிறைய பேருக்கு ஒரு அறிகுறியும் இல்லாம. அடுத்தது, மூணு தடவை வந்து போன பிறகும் மிதமான, கடுமையான பேதில இருந்து கிடைச்ச பாதுகாப்பு 79 சதவீதம்தான். இதே மாதிரி மெக்சிகோல 1996ல 200 குழந்தைங்களை வச்சு பாத்தப்போ ரெண்டு தடவை வந்துட்டாலே அதுக்கப்புறம் கடுமையா வரவே இல்ல.

பாத்தீங்களா, நம்ம ஊர்ல நிஜ வைரஸே மூணு தடவை வந்தும் முழு பாதுகாப்பு குடுக்கல, வலு குறைஞ்ச வைரஸை சொட்டா குடுக்கற மருந்துகிட்ட மட்டும் நூத்துக்கு நூறு கேட்டா எப்படி.

இதனாலதான் உங்க வீட்டுக்காரர் சொன்னதை ஒத்துக்க மாட்டேன். அரசாங்க மருந்து மட்டமான சரக்கு இல்ல. 1980கள்ல டெல்லி எய்ம்ஸ்ல பிறந்த பச்சைக் குழந்தைங்ககிட்ட ஒரு ரோட்டா சுத்திட்டு இருந்துச்சு, ஆனா அந்தக் குழந்தைங்களுக்கு பேதியே இல்ல, அதை கவனிச்சவர் டாக்டர் எம்.கே.பான், அந்த வைரஸ்தான் 116ஈ, அதுதான் பிற்பாடு ரோட்டாவாக் ஆச்சு. 2016ல நாலு மாநிலத்துல ஆரம்பிச்சு, தமிழ்நாட்டுக்கு 2017ல வந்து, 2019ல நாடு முழுக்க போயிடுச்சு. பிரைவேட்ல கிடைக்கற ரோட்டாரிக்ஸை லத்தீன் அமெரிக்கால போட்டப்போ 85 சதவீதம் தடுத்துச்சு, அதே மருந்து மலாவில 49 சதவீதம்தான். மருந்து ஒண்ணுதான், குழந்தை வளர்ற இடம்தான் வேற. ஏன்னு கேட்டா முழுசா யாருக்கும் பதில் தெரியாது, தாய்கிட்ட இருந்து வர்ற எதிர்ப்புச் சக்தி மருந்தை மடக்கிடுதோ, குடல்ல ஏற்கனவே இருக்கற வேற கிருமிங்க இடம் விடலையோன்னு பல யோசனை. சொட்டு போடறப்போ கொஞ்ச நேரம் தாய்ப்பாலை நிறுத்தினா பலன் கூடுமான்னு கூட டெல்லில பாத்துட்டாங்க, ஒரு வித்தியாசமும் இல்ல, அதனால அதை யாராவது சொன்னா செய்யாதீங்க.

ரெண்டாவது குழந்தைக்கும் ஒன்றரை, ரெண்டரை, மூன்றரை மாசத்துல அஞ்சு நோயைத் தடுக்கற பென்டா ஊசி போடறப்பவே சொட்டையும் வாங்கிடுங்க, பி.எச்.சிலயே. பிரைவேட்ல போட்டாலும் தப்பில்ல, ஆனா காசு கூட குடுத்ததால பாதுகாப்பு கூடும்னு நினைச்சு போக வேண்டாம். ஒரே ஒரு விஷயம், சொட்டு போட்ட முதல் வாரத்துல, முக்கியமா முதல் டோஸுக்கு அப்புறம், குழந்தை விட்டு விட்டு காலை மடக்கி வீறிட்டு அழுதா, பச்சையா வாந்தி எடுத்தா, மலத்துல ஜெல்லி மாதிரி ரத்தம் வந்தா உடனே ஓடிடுங்க. குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கறது, ரொம்ப ரொம்ப அபூர்வம்தான், ஆனா 1999ல அமெரிக்கால ஒரு பழைய ரோட்டா மருந்தை இதுக்காகவே வாபஸ் வாங்குனாங்க, அதனால சொல்லாம விட மாட்டேன்.

மாமியார் விஷயத்துக்கு வர்றேன். பல் முளைக்கறதுக்கும் பத்து தடவை போறதுக்கும் சம்பந்தம் இல்ல, அந்த வயசுல கைல கிடைச்சதெல்லாம் வாய்க்குப் போகுது, ரோட்டாவுக்கு அது போதும். நீங்க வீட்டை சுத்தமா வச்சுக்கலையோன்னு ஒரு குற்ற உணர்ச்சி உங்க கடிதத்துல தெரியுது, அதை தூக்கிப் போடுங்க, இந்த வைரஸை முதன்முதல்ல 1973ல கண்டுபிடிச்சதே மெல்போர்ன்ல ரூத் பிஷப் குழு, அந்த ஊர் குழந்தைங்களோட சிறுகுடல்ல இருந்துதான். தடுப்பு மருந்து வர்றதுக்கு முன்னாடி உலகத்துல எந்தக் குழந்தையும் அஞ்சு வயசுக்குள்ள இதுக்குத் தப்பினதில்லைன்னே சொல்லலாம். கை கழுவுறதும் காய்ச்சின தண்ணியும் நல்லதுதான், வேற பல பேதியைத் தடுக்கும், ரோட்டாவை மட்டும் முழுசா தடுக்காது.

பாலை நிறுத்தறது மட்டும் கூடவே கூடாது. இந்த வைரஸ் சிறுகுடல்ல சத்தை உறிஞ்சற மெல்லிசான விரல் மாதிரி இருக்கே அதோட நுனியைத்தான் அழிக்குது, அது திரும்ப வளர சாப்பாடு வேணும், பட்டினி போட்டா எப்படி வளரும். தாய்ப்பால், குழைஞ்ச சாதம், இட்லி, வாழைப்பழம் எல்லாம் குடுக்கலாம். சிலர் தொக்கம் எடுக்கன்னு, அதான் சாப்பிட்டது உள்ள சிக்கியிருக்குன்னு எடுக்கற நாட்டு வைத்தியத்துக்கு, கூட்டிட்டுப் போயி அரை நாளை விட்டுட்டு, கண்ணு உள்ள போன பிறகு எங்ககிட்ட வர்றாங்க, அதுதான் எனக்கு கோவம் வரும்.

அடுத்த தடவை பேதி வந்தா முதல் மணி நேரத்துலயே ஓ.ஆர்.எஸ் (உப்பு சர்க்கரைப் பொடி கலந்த தண்ணி) ஆரம்பிங்க. பெரிய பாக்கெட்டை முழுசா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணில கலக்கணும், பாதியை கால் லிட்டர்லன்னு குத்துமதிப்பா கலக்கினா உப்பு ஏறி ஆபத்து. பாலாடைலயோ ஸ்பூன்லயோ கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு தடவை போன பிறகும் 50ல இருந்து 100 மில்லி. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு இன்னும் மெதுவா குடுங்க. குடலோட நுனி கெட்டுப் போனாலும் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ள போற வழி கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அந்த வழிலதான் தண்ணியும் கூடப் போகுது. கடைல அட்டை டப்பால ஓ.ஆர்.எஸ்னு பேர் போட்டு வித்த ஜூஸ் வகையறா வேற, அதுல சர்க்கரை அதிகம், பேதி கூடும், 2025 அக்டோபர்ல அந்தப் பேரைப் போடவே கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ தடை போட்டாங்க, ஆனாலும் பாத்து வாங்குங்க. பேதியை நிறுத்தற மாத்திரையும், மீந்து போன ஆன்டிபயாட்டிக் சிரப்பும் ரோட்டாவுக்கு வேண்டாம். ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகல, அழுதா கண்ணீர் இல்ல, துவண்டு போயி பால் கூட குடிக்க மாட்டேங்குது, மலத்துல ரத்தம், இதுல ஒண்ணு இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்பிடுங்க.

ஜிங்க்கை நிறுத்தினது தப்பும்மா. பேதி நின்னாலும் 14 நாள் குடுக்கணும், உங்க பொண்ணு வயசுக்கு தினம் 20 மில்லிகிராம், அது எத்தனை மில்லின்னு பாட்டில்ல பாத்துக்கோங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். சிரப் இன்னும் மீதி இருந்தா இன்னிக்கே திரும்ப ஆரம்பிச்சு மிச்ச நாளை முடிச்சிடுங்க.