இங்கிலாந்தில் உள்ளூர் தபால் நிலையம் நடத்துபவர்களுக்கு கிறிஸ்துமஸ் சமயத்தில் அப்படி என்ன வேலை?

கேள்வியோடு, "ஸ்டாம்பு விற்பதைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைக்குள் நுழையும் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கென்ட் பக்கம் ஒரு சிற்றூர். 2021, 2022 இரண்டு டிசம்பரிலும் அங்கே ஒரு தெருமுனைக் கடையில் வேலை பார்த்தேன். முதல் வருடம் மாணவனாக, அடுத்த வருடம் படிப்பை முடித்துவிட்டு உருப்படியான வேலை தேடிக்கொண்டிருந்தவனாக. கடையின் முன்பக்கம் பால், ரொட்டி, செய்தித்தாள், ஒயின். பின்பக்கம் கண்ணாடித் தடுப்புக்குள் போஸ்ட் ஆபீஸ். நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு அவர் அண்ணா, அவர் மனைவி அக்கா. ஊருக்கு அவர் போஸ்ட் மாஸ்டர். தராசுக்கு மேலே நல்லூர் முருகன் படம் மாட்டியிருப்பார். டிசம்பர் பிறந்தால் முருகனைச் சுற்றியும் ஜிகினாத் தோரணம் ஏறிவிடும்.

அந்த நாட்டில் 11,000-க்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் உண்டு. பெரும்பாலானவை இப்படிக் கடைக்குள் இருப்பவைதான். நடத்துபவர் அரசு ஊழியர் இல்லை. செய்யும் வேலைக்குக் கமிஷன் வரும், அதுவும் பலவற்றுக்குச் சில பென்ஸ்தான் (100 பென்ஸ் ஒரு பவுண்டு). இடம், மின்சாரம், ஆள் கூலி எல்லாம் அவர் தலையில். நம் கிராமங்களில் கிளை அஞ்சலகம் நடத்துபவர்கள் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கிக்கொள்வார்களே, கொஞ்சம் அந்தச் சாயல்.

கவுண்டருக்குள் உட்கார எனக்கு அனுமதி கிடையாது. அதற்குப் பின்னணி விசாரணையும் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். என் வேலை வெளியே, வரிசையில் நிற்பவர்களின் உறைகளை அளப்பது. அதற்கென்று துளை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பலகை உண்டு. 5 மில்லிமீட்டர் துளைக்குள் உறை நுழைந்தால் சாதாரணக் கடிதம். நுழையாவிட்டால் 'பெரிய கடிதம்'. 2022-ல் இரண்டாம் வகுப்பு ஸ்டாம்பு முன்னதற்கு 68 பென்ஸ், பின்னதற்கு 1 பவுண்டு 5 பென்ஸ். வாழ்த்து அட்டையில் பஞ்சுப் பனிமனிதனையோ பட்டு ரிப்பனையோ ஒட்டியிருந்தால் போச்சு, 37 பென்ஸ் கூடிவிடும். ஐம்பது அட்டை எழுதி எடுத்துவந்தவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். நான் இரக்கப்பட்டு உறையை அழுத்தித் திணித்து நுழைத்துவிடுவேன். அண்ணா உள்ளேயிருந்தே பார்த்துவிடுவார். "தம்பி, உப்பிடித் தள்ளக் கூடாது. தானா விழோணும்." காரணம் இருக்கிறது. ஸ்டாம்பு குறைவாக ஒட்டிய அட்டைக்கு, அதைப் பெறுபவர்தான் அபராதம் கட்டவேண்டும். பாட்டி அனுப்பிய வாழ்த்தைப் பேரன் காசு கொடுத்து மீட்க வேண்டி வரும்.

அந்த வருடம் இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. பார்கோடு இல்லாத சாதாரண ஸ்டாம்புகள் 2023 ஜனவரி 31-க்குப் பிறகு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள் (பிறகு ஜூலை வரை தள்ளிப்போட்டார்கள்). ஊரே மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொட்டி, பழுப்பேறிய ஸ்டாம்புகளோடு வந்து நின்றது. ஆனால் பழைய கிறிஸ்துமஸ் ஸ்டாம்புகளுக்கு அந்தக் கெடு இல்லை, அவை தொடர்ந்து செல்லும். இதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னேன் என்று கேட்காதீர்கள். பிரிட்டனின் முதல் கிறிஸ்துமஸ் ஸ்டாம்புகள் 1966-ல் வந்தவை. குழந்தைகளுக்குப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த ஓவியங்கள். அவற்றில் ஒன்றை வரைந்தது டஸ்வீர் ஷெம்ஸா என்ற 6 வயதுச் சிறுமி, பாகிஸ்தானிய ஓவியர் ஒருவரின் மகள். அண்ணா இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லும்போது சொந்த மருமகளைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

பார்சலுக்கு வருவோம். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டே ஆகவேண்டும். வெளிநாட்டுக்கு வாசனைத் திரவியம் அனுப்ப முடியாது, தனி லித்தியம் பேட்டரி அனுப்ப முடியாது. பிரச்சினை என்னவென்றால், கிறிஸ்துமஸ் பரிசு வாங்கியவர் பக்கத்தில் மனைவியும் நிற்பார், அதே பெட்டியில் அவருக்குத் தெரியக் கூடாத ஒன்றும் இருக்கும். அண்ணா ஒரு துண்டுத் தாளைத் தள்ளி, எழுதிக் காட்டச் சொல்வார். ஒருமுறை ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு இருக்கிறதே, சரி, அது வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே வசவு. கவுண்டர்களை நடத்துவது ஒரு நிறுவனம், கடிதங்களை வீடுவீடாகக் கொடுப்பது இன்னொரு நிறுவனம். 2012-லேயே இரண்டும் பிரிந்துவிட்டன. ஆனால் அட்டை வரவில்லை என்றால் சனங்கள் யாரிடம் கேட்பார்கள்? கண்ணில் படும் போஸ்ட் மாஸ்டரிடம்தான். 2022 டிசம்பரில் தபால்காரர்கள் 9, 11, 14, 15, 23, 24 ஆகிய தேதிகளில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களில் எங்கள் கடையின் பின்னறையில் தபால் சாக்குகள் கூரையைத் தொட்டன. பால் பெட்டிகளை வைக்க இடமில்லாமல் அக்கா அவற்றை வாசல் குளிரிலேயே விட்டுவிடுவார், கெட்டுப்போகவும் வழியில்லை. திட்டிக்கொண்டு வந்தவர்களிடம் அண்ணா ஒரு நாள்கூட "அது எங்கள் வேலை இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கேட்டுப் பார்க்கிறேன்" என்பார். யாரைக் கேட்பார் என்பது அவருக்கே தெரியாது.

என்னைக் கேட்டால், அந்த டிசம்பரில் அவர் செய்த பெரிய காரியத்துக்கும் ஸ்டாம்புக்கும் சம்பந்தமே இல்லை. அது மின்சார வவுச்சர். எரிபொருள் விலை எகிறியதால், 2022 அக்டோபரிலிருந்து ஆறு மாதத்துக்கு வீட்டுக்கு 400 பவுண்டு மின்கட்டண உதவி என்று அரசு அறிவித்தது. வங்கி வழியாகக் கட்டுபவர்களுக்கு அது தானாகக் கழிந்துவிடும். ஆனால் முன்கூட்டியே காசு ஏற்றும் பழைய மீட்டர்கள் உண்டு. சாவியையோ அட்டையையோ கடைக்குக் கொண்டுபோய், பத்து இருபது பவுண்டு ஏற்றி, வீட்டுக்கு வந்து செருகினால்தான் விளக்கெரியும். பெரும்பாலும் கையில் காசு குறைந்தவர்கள் வீட்டில் இருப்பது. அவர்களுக்கு மட்டும் உதவி வவுச்சராக வந்தது, பலருக்குத் தபாலில். அதைப் போஸ்ட் ஆபீஸ் போன்ற இடங்களில் கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். தபாலோ அந்த லட்சணத்தில் இருந்தது. வந்தவற்றையும் விளம்பரக் கடிதம் என்று நினைத்துப் பிரிக்காமல் போட்டவர்கள் உண்டு.

யார் மீட்டர் சாவியோடு வந்தாலும் அண்ணா முதலில் கேட்பது, "வவுச்சர் வந்ததா?" என்றுதான். அரைநாள் பழகிய எனக்கும் அது தொற்றிக்கொண்டது. வாரம் தவறாமல் பத்து பவுண்டு ஏற்றும் முதியவர் ஒருவர், அப்படி எதுவும் வரவில்லை என்று அடித்துச் சொன்னார். பிரிக்காத கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துவரும்படி அண்ணா சொல்லி அனுப்பினார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுவந்தார். பீட்சா விளம்பரம், தேர்தல் துண்டறிக்கை, காது மிஷின் விளம்பரம், நடுவே மூன்று வவுச்சர்கள். அக்டோபருக்கு 66, நவம்பருக்கு 66, டிசம்பருக்கு 67. மொத்தம் 199 பவுண்டு. மனிதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அப்படியானால் ஹாலிலும் ஹீட்டர் போடலாமா என்று கேட்டார். அதுவரை படுக்கையறை ஒன்றில் மட்டும் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

ஊரில் வங்கிக் கிளை எல்லாம் மூடியாகிவிட்டது. அதனால் இறைச்சிக் கடை, மதுக்கடை, சர்ச் உண்டியல் என்று எல்லாப் பணமும் டிசம்பரில் இங்கேதான் வந்து சேரும். அரசின் முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்குக் கிறிஸ்துமஸ் போனஸ் உண்டு, 10 பவுண்டு. 1972-ல் தொடங்கியபோது 10, இன்றும் 10! அதை எடுக்கவென்றே வருபவர்கள் உண்டு.

மாலையில் கடையைச் சாத்திய பிறகு அண்ணா பணத்தை மூன்று முறை எண்ணுவார். கணினி சொல்வதும் கையில் இருப்பதும் பொருந்தும் வரை அக்கா சோறு போட மாட்டார். ஏன் இவ்வளவு பயம் என்று முதல் வருடம் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் ஹொரைசன் கதையைச் சொன்னார். தபால் நிலையங்களுக்காக ஃபுஜித்சு நிறுவனம் செய்த 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளின் கோளாறால் பணம் குறைவதாகக் காட்ட, 1999 முதல் 2015 வரை இவரைப் போன்ற 900-க்கும் மேற்பட்டவர்களைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள். பலர் சிறைக்கே போனார்கள். அந்த மென்பொருளில் கோளாறு இருந்ததை உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு தீர்ப்புச் சொன்னதும் ஒரு டிசம்பரில்தான், 2019 டிசம்பர் 16. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024 மே மாதம் வந்தது. சிக்கியவர்களில் நம் தெற்காசியக் கடைக்காரர்கள் நிறைய. "ஊர்ச் சனம் எல்லாம் கள்ளன் எண்டு பாத்தால் பிறகு எப்பிடியடா கடை திறக்கிறது?" என்றார்.

குழந்தைகள் சான்டாவுக்கு எழுதும் கடிதங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. அதற்கென்று 'ரெயின்டியர்லேண்ட்' என்று அதிகாரபூர்வ முகவரியே உண்டு. ஸ்டாம்பு ஒட்டினால் பதிலும் வரும். ஸ்டாம்பு இல்லாமல் எங்கள் பெட்டியில் விழுந்தவற்றுக்கு அக்கா தன் கைக்காசில் ஒட்டினார்.

கடைசியாக ஒரு பாட்டி. ஒரு காலத்தில் ஐந்து புத்தகம் ஸ்டாம்பு வாங்குவாராம், புத்தகத்துக்கு 12, ஆக 60 அட்டை. நான் போன முதல் வருடம் இரண்டு புத்தகம், 24. அடுத்த வருடம் புத்தகமே 8 ஸ்டாம்பாகச் சுருங்கிவிட்டது. அப்போதும் இரண்டே கேட்டார், 16. அவர் போனதும் அண்ணா மெதுவாக, "எட்டுப் பேர் போயிட்டினம்" என்றார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

ஒரு வாரம் கழித்துப் பாட்டி அட்டைகளோடு வந்தார். நான் அளந்தேன். எல்லாம் 5 மில்லிமீட்டருக்குள் அடங்கின. அதில் ஒன்று 'போஸ்ட் மாஸ்டர் அவர்களுக்கு' என்று எங்கள் கடை முகவரிக்கே எழுதியது. கையிலேயே கொடுத்துவிடலாமே என்றேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டிக்குள் போடச் சொன்னார். அது சாக்கில் ஏறி, பின்னறையில் இரண்டு வேலைநிறுத்தங்களைப் பார்த்து, எங்கெங்கோ சுற்றி, ஜனவரி 4-ம் தேதி அதே கவுண்டருக்குத் திரும்பி வந்தது. 6-ம் தேதிக்குள் கிறிஸ்துமஸ் அலங்காரங்களை எல்லாம் இறக்கிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அண்ணாவும் தோரணங்களை இறக்கினார். அந்த அட்டையை மட்டும் முருகன் படத்துச் சட்டத்தில் செருகி வைத்தார். மார்ச்சில் நான் வேலை கிடைத்துக் கிளம்பும்போதும் அது அங்கேதான் இருந்தது.