கரடி பார்க்கும் படகுப் பயணத்துக்கு ஆர்.ஆர்.எஸ்.பி. பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கிறோம். வரும் ஜூலையில் வன்கூவர் தீவின் ரொஃபினோவுக்குப் போய், படகில் இருந்து கறுப்புக் கரடிகளைப் பார்க்க ஆசை. நான், கணவர், 9 வயது மகன், முதுகுவலி உள்ள 67 வயது மாமியார் என நாலு பேர். 6,000 டொலர் முடியும் என்று கணக்குப் போட்டோம். இன்னும் 9 மாதம் இருக்கிறது. என் சம்பளம் ஆண்டுக்கு 80,000. ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வூதியச் சேமிப்பில் 22,000, டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியற்ற சேமிப்பில் 9,000 உண்டு. ஆர்.ஆர்.எஸ்.பி.யில் எடுப்போம் என்கிறார் கணவர். சரியா?

பதில்: வேண்டாம். 6,000 எடுத்தால் வங்கி 20% வரி பிடித்துக்கொண்டு 4,800 தான் கையில் தரும். அதோடு முடியாது. உங்கள் சம்பளத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு டொலருக்கும் ஒன்ராறியோவில் இரு அரசுகளின் வரியும் சேர்ந்து ஏறக்குறைய 30%. ஆகவே வரித் தாக்கலின்போது இன்னும் 600 அளவில் கட்டவேண்டி வரும். 5,000 வரை 10% தானே பிடிப்பார்கள் என்று இரண்டாகப் பிரித்து எடுப்பவர்களும் உண்டு. அதனால் வரி குறையாது, பின்னுக்குத்தான் போகும். எடுத்த தொகையை மறுபடி போடுவதற்கான வரம்பும் (பங்களிப்பு இடம்) திரும்பி வராது.

மாதம் 400 ஒதுக்குங்கள். 9 மாதத்தில் 3,600. மிச்சம் 2,400ஐ டி.எஃப்.எஸ்.ஏ.யில் எடுங்கள். அதற்கு வரி இல்லை, எடுத்த அளவு இடம் அடுத்த ஜனவரி 1 திரும்பக் கிடைக்கும். வேறு இடம் மீதம் இல்லாத நிலையில் அதே ஆண்டிலேயே திருப்பிப் போட்டால் மாதம் 1% தண்டம். 20% வட்டி கேட்கும் கடனட்டையில் இந்தச் செலவை மாதக்கணக்கில் ஓடவிட வேண்டாம்.

இனி அந்த 6,000க்கு வருவோம். படகுக் கட்டணம் அதில் சிறிய பங்கு. காசு கரைவது அதைச் சுற்றியுள்ள முன்பதிவுகளில். கடல் வற்றும்போதுதான் கரடிகள் கரைக்கு வந்து கற்களைப் புரட்டி நண்டு தேடும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், படகு புறப்படும் நேரமும் அதோடு மாறும். கோடையில் அந்தக் கரையில் கடல் நன்றாக வற்றுவது பெரும்பாலும் காலையில். தீவின் கிழக்குக் கரையிலுள்ள துறைமுக நகரான நனைமோவில் இருந்து ரொஃபினோவுக்கு சுமார் 3 மணி நேரக் கார் ஓட்டம். அன்றே வந்து அன்றே படகேறும் திட்டம் இதனால்தான் சறுக்குகிறது.

பலர் முதலில் மலிவான விமான ரிக்கெற்றை வாங்கி, ஒரே ஓர் இரவு அறை எடுத்து, கிளம்பும் நாள் காலையில் படகை வைக்கிறார்கள். காற்றோ மூடுபனியோ வந்தால் படகுக்காரர் பயணத்தை நிறுத்திப் படகுக் காசைத் திருப்புவார். அறைக்கும் விமானத்துக்கும் போன காசு போனதுதான். கரடி தென்படாவிட்டால் இன்னொரு தடவை இலவசமாக ஏற்றும் நிறுவனங்களும் உள்ளன. மறுநாள் நீங்கள் அங்கே இல்லாவிட்டால் அந்தச் சலுகையால் என்ன பயன்?

ஆகவே வரிசையை மாற்றுங்கள். கனேடிய மீன்பிடி, சமுத்திரத் துறை ரொஃபினோவுக்கான வற்று, பெருக்கு அட்டவணையை இலவசமாகவே வெளியிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் கூடுதலாக வற்றும். அவற்றில் காலை வற்று உள்ள மூன்று நாட்களைக் குறியுங்கள். பிறகு படகு, அதன்பின் ரத்துச் செய்யக்கூடிய அறை, கடைசியில் விமானம். மூன்று இரவு தங்கி, முதல் காலையிலேயே படகேறுங்கள். அடுத்த காலைகள் கையிருப்பு. கூடுதல் இரவு வீண்செலவுபோலத் தோன்றும், ஆனால் இந்தத் திட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே காசு அதுதான். அறைக்கு 5% மத்திய விற்பனை வரி (ஜி.எஸ்.ரி.), 8% மாகாண விற்பனை வரி (பி.எஸ்.ரி.), மேலாக 3% வரை நகர வரி வரும். 6,000இல் அதைச் சேர்த்தீர்களா?

மாமியாரைக் காற்றடைத்த ரப்பர்ப் படகில் ஏற்றாதீர்கள். அலையில் அது குதிக்கும். முதுகு நோ உள்ளவர்களைப் பல நிறுவனங்கள் ஏற்றாது, கடைசி நேரத்தில் சொன்னால் பணமும் திரும்பாது. கூரையும் கழிப்பறையும் உள்ள படகைக் கேளுங்கள்.

காப்புறுதி பற்றி: ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் வேறு மாகாணத்தில் மருத்துவரையும் மருத்துவமனையையும் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும், அம்புலன்சை அல்ல. ரொஃபினோவில் இருப்பது சின்ன மருத்துவமனை. பெரியதுக்கு வான்வழி கொண்டுபோக நேர்ந்தால் கட்டணம் உங்கள் தலையில். பயண ரத்துக் காப்புறுதியை முதல் முற்பணம் கட்டும்போதே எடுங்கள். 2023 ஜூனில் காட்டுத்தீயால் ரொஃபினோவுக்குப் போகும் 4ஆம் நெடுஞ்சாலை இரண்டு வாரத்துக்கு மேல் மூடிக்கிடந்தது. அப்படியொன்று செய்தியில் வந்தபின் வாங்கும் காப்புறுதி அதற்குச் செல்லாது. மாமியாரின் மருந்தோ அளவோ அண்மையில் மாறியிருந்தால், முன்பே உள்ள நோய் பற்றிய பிரிவை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.